கிணற்றில் கிடந்த உடல்: மருத்துவரும் தடய அறிவியல் அலுவலரும் சாட்சியம் அளித்த விதம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வழக்கு, நீதிமன்ற மருத்துவம் பயிலும் இளம் மருத்துவர்களுக்கும் தடய அறிவியல் அலுவலர்களுக்கும் பயிற்சி அளிப்பதற்காகக் கட்டமைக்கப்பட்டது. இறந்தவரோ குற்றம் சாட்டப்பட்டவர்களோ சாட்சிகளோ உண்மையான மனிதர்கள் அல்லர். சட்டப் பிரிவுகளும் அறிவியலும், திருநெல்வேலிச் சீமையில் இப்படியொரு வழக்கு கடந்து செல்லும் படிகளும் உண்மையானவை. தீர்ப்பு என்னவாயிற்று என்பதை இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நிபுணர்கள் கூண்டில் ஏறி என்ன சொன்னார்கள், அதைச் சொல்வதற்கு எங்கே, எப்போது தயாரானார்கள் என்பதே இதன் பொருள்.

ஐப்பசியில், பிசான நடவுக்கு வயல்கள் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில், அம்பாசமுத்திரம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் 38 வயது விவசாயி ஒருவர் மாலையில் வாய்க்காலுக்கு மடை பார்க்கப் போனவர் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில், பயன்பாட்டில் இல்லாத ஒரு கமலைக் கிணற்றில் அவருடைய உடல் குப்புற மிதந்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவின்கீழ்ச் சந்தேக மரணமாக முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் பார்வை மகஜர் தயாரிக்கப்பட்டு, கிணற்று நீர் மாதிரி எடுக்கப்பட்டது. உடல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. நீர்ப்பாசன முறை தொடர்பாக இறந்தவருக்கும் பங்காளிகள் இருவருக்கும் பகை இருந்தது என்பது விசாரணையில் தெரியவர, வழக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கான 103(1), தடயத்தை மறைத்ததற்கான 238 ஆகிய பிரிவுகளுக்கு மாற்றப்பட்டது. கழுத்தை நெரித்துக் கொன்று கிணற்றில் போட்டார்கள் என்பது அரசுத் தரப்பு. மது அருந்திவிட்டு இருட்டில் வந்தவர் தவறி விழுந்து மூழ்கி இறந்தார் என்பது எதிர்த்தரப்பு.

பிரேதப் பரிசோதனை செய்த உதவிப் பேராசிரியர் கண்டவற்றில் வழக்குக்குத் தேவையானவை சில. உடல் அழுகத் தொடங்கியிருந்தது, வயிறு ஊதியிருந்தது, கை கால்களின் தோல் ஊறிச் சுருங்கிப் பல இடங்களில் உரிந்திருந்தது. மூழ்கி இறந்தவர்களிடம் வழக்கமாகத் தேடப்படும் நுண்ணிய நுரை மூச்சுக்குழாயில் காணப்படவில்லை. அழுகிய உடலில் அது கிடைக்காமல் போவது இயல்பே. கழுத்தின் இடப்பக்கத் தசையில் இரத்தம் உறைந்து திசுவுக்குள் ஊறியிருந்தது. குரல்வளையின் முன்பக்கத்தில் உள்ள தைராய்டு குருத்தெலும்பின் இடது மேற்கொம்பு முறிந்திருந்தது. நாவடி எலும்பு முறியவில்லை. உள்ளுறுப்புகள் நிறைவுற்ற உப்புக் கரைசலிலும், நீரில் மூழ்கியதைக் கண்டறிய உதவும் டயாட்டம் சோதனைக்காக மார்பெலும்பு தனியாகவும் எடுத்துவைக்கப்பட்டன. ஆய்வக அறிக்கைகள் வரும்வரை இறப்பின் காரணம் குறித்த கருத்து நிலுவையில் வைக்கப்பட்டது.

இந்த வழக்கின் சாட்சியம் அந்தப் பிணவறை மேசையிலேயே பாதி எழுதப்பட்டுவிட்டது என்று நான் கருதுகிறேன். அதற்குக் காரணமான ஒரே ஒரு வரியை மட்டும் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கழுத்தை முதலில் அறுத்துத் திறந்தால், அங்குள்ள சிரைகளில் தேங்கிய இரத்தம் அறுவையின்போது கசிந்து, நெரித்ததால் ஏற்பட்ட இரத்தக்கட்டு போலவே தோற்றமளிக்கக்கூடும். பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் அறியப்படும் இந்தப் போலித் தோற்றத்தைத் தவிர்ப்பதற்காகவே, கழுத்தில் ஐயம் உள்ள உடல்களில் முதலில் மண்டையோட்டைத் திறந்து மூளையையும், பிறகு மார்பைத் திறந்து உறுப்புகளையும் எடுத்து, இரத்தம் வடிந்தபின் கடைசியாகக் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. இந்த மருத்துவர் அப்படிச் செய்தார். அதோடு நிற்காமல், "மண்டை, மார்பு அறைகள் திறக்கப்பட்டபின் கழுத்து கடைசியாகப் பிரிக்கப்பட்டது, இடப்பக்கத் தசையின் இரத்தக்கட்டு நீரில் கழுவியும் நீங்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். மேசைக்கருகில் நின்று எழுதிய அந்த ஒரு வரி, ஒன்றரை ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் அவருக்குத் துணை நின்றது. சரியாகச் செய்துவிட்டு எழுதாமல் விட்ட மருத்துவர்களின் நிலை வேறு. அவர்கள் கூண்டில் நினைவை மட்டும் நம்பிப் பேச வேண்டியிருக்கும், இடைப்பட்ட காலத்தில் அவர்கள் பார்த்த நூற்றுக்கணக்கான உடல்களுக்கிடையே அந்த ஒரு கழுத்து நினைவில் இருப்பதை எந்த நீதிமன்றமும் எளிதில் நம்பாது.

மருத்துவமனையில் சீலிடப்பட்ட பொருள்கள் காவலரிடம் ஒப்படைக்கப்பட்டு, குற்றவியல் நடுவரின் கடிதத்துடன் திருநெல்வேலி வட்டார தடய அறிவியல் ஆய்வகத்தைச் சென்றடைய பதினொரு நாட்கள் ஆயின. அங்கே அறிவியல் அலுவலர் மார்பெலும்பின் மஜ்ஜையை நைட்ரிக் அமிலத்தில் செரிக்கச் செய்து, எஞ்சிய படிவை நுண்ணோக்கியில் தேடினார். டயாட்டம் என்பது நீரில் வாழும் ஒரு நுண்பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, அமிலத்தில் கரையாது, அழுகுவதும் இல்லை. உயிரோடு மூழ்குபவர் நீரை உள்ளிழுக்கும்போது அது நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, துடிக்கும் இதயத்தால் எலும்பு மஜ்ஜை வரை கொண்டு செல்லப்படுகிறது. இறந்தபின் நீரில் போடப்பட்ட உடலின் நுரையீரலுக்குள் நீர் புகலாம்; மஜ்ஜைக்குச் செல்ல ஓட்டம் இருக்காது. மஜ்ஜையில் டயாட்டம் இல்லை, கிணற்று நீர் மாதிரியில் நிறைய உண்டு, உள்ளுறுப்புகளில் எத்தில் ஆல்கஹால் உண்டு, நச்சு எதுவும் இல்லை என்று அறிக்கைகள் வந்தன. இவற்றைப் பார்த்தபின் மருத்துவர், கழுத்தில் ஏற்பட்ட அழுத்தத்தால் இறந்திருக்கலாம் என்று இறுதிக் கருத்து வழங்கினார்.

சம்மன் வந்தது முதல் கூண்டேறும் நாள் வரையிலான தயாரிப்பைப் பற்றிப் பேசும்போது, இளம் மருத்துவர்களிடம் நான் காணும் அச்சம் பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியது. அது தேவையற்ற அச்சம். புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 39-ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்புடையதாக்குகிறது, 45-ஆம் பிரிவு அந்தக் கருத்துக்கான காரணங்களையும் ஏற்புடையதாக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலே நிபுணரின் வேலை எது என்பது விளங்கும். 1999-இல் இமாச்சலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்கள் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே தெளிவாக்கியது: முடிவைச் சரிபார்த்து நீதிபதி சொந்தமாக ஒரு கருத்துக்கு வருவதற்குத் தேவையான அறிவியல் அளவுகோல்களை நிபுணர் அவர்முன் வைக்க வேண்டும். முடிவை மட்டும் சொல்லிவிட்டு இறங்குபவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

மருத்துவர் செய்த முதல் காரியம், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை மட்டும் படிக்காமல் கையால் எழுதிய மூலக் குறிப்பேட்டை எடுத்து இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டதுதான். தட்டச்சில் காயத்தின் அளவோ பக்கமோ மாறியிருந்தால் அது கூண்டில் தெரியவருவதைவிட முன்னரே தெரிவது நல்லது. குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சான்றுச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நிபுணர் துறைசார் நூல்களையும் பார்க்கலாம். ஆனால் பார்த்த குறிப்பை எதிர்த்தரப்பு கேட்டால் காட்ட வேண்டும், அதன்மீது குறுக்கு விசாரணையும் செய்யலாம் என்று 164-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே குறிப்பேட்டைக் கூண்டுக்குக் கொண்டுபோகிறவர் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிக்கப்போகிறார் என்ற நினைப்போடுதான் கொண்டுபோக வேண்டும்.

அறிவியல் அலுவலரின் தயாரிப்பு வேறு வகையில் கவனத்துக்குரியது. ஆய்வகத்தின் வரவுப் பதிவேட்டைப் பார்த்தபோது, நீர் மாதிரிக்கு எதிரே "குடிநீர் பாட்டிலில் பெறப்பட்டது, அரக்கு முத்திரை சிதையாமல் உள்ளது" என்று அவர் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. விசாரணை அதிகாரி கிணற்றடியில் சுத்தமான கலன் கிடைக்காமல், யாரோ குடித்துவிட்டு வைத்திருந்த பாட்டிலில் நீரை எடுத்திருக்கிறார். அறிக்கையில் இந்த விவரம் இடம்பெறவில்லை. அலுவலர் இதை அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொன்னார். வழக்கறிஞரைச் சாட்சி சந்திப்பதில் தவறில்லை; என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், அதைக் கேட்டுக்கொள்வதும்தான் தவறு. அரசு வழக்கறிஞர் அதை மறைக்க முயலாமல் முதல் விசாரணையிலேயே கேட்டு வெளிக்கொணர்ந்தார். வழக்கின் நலத்துக்கு அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அதுவே என்பது என் கருத்து.

ஆய்வக அறிக்கையை அலுவலர் நேரில் வராமலேயே சான்றாக ஏற்றுக்கொள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்தப் பிரிவின் பட்டியலில் அரசின் ரசாயனப் பரிசோதகர் என்ற பதவி இன்னமும் முதலில் நிற்கிறது. 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் துறையே இந்தியாவில் இவ்வகையில் முதலாவது, இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வழியில் வந்தது. இந்த வழக்கில் எதிர்த்தரப்பு அறிக்கையை மறுத்ததால் அலுவலர் அழைக்கப்பட்டார். அதே சட்டத்தின் 336-ஆம் பிரிவு, அறிக்கை எழுதியவர் மாறுதலாகியோ ஓய்வுபெற்றோ போயிருந்தால் அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் வந்து சாட்சியம் சொல்ல வழிசெய்கிறது. வழக்கமான அறிக்கைகளுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். இதுபோன்ற வழக்குக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். கழுத்தைப் பிரித்த வரிசையைப் பற்றியும் பாட்டிலைப் பற்றியும் பின்னால் வந்தவர் ஏட்டில் உள்ளதைத்தான் படிக்க முடியும்; அதற்கு மேல் ஒரு கேள்வி வந்தால் அவரிடம் பதில் இருக்காது. எழுதியவர் தொலைவில் இருந்தால் காணொலி வழியே அவரையே விசாரிப்பது நல்லது.

முதல் விசாரணை நீளமாக இல்லை. கல்வித் தகுதி, பணி அனுபவம், உடலைப் பெற்ற நேரம், அடையாளம் காட்டிய காவலர், கண்ட காயங்கள், கருத்து என்று வரிசையாகச் சென்றது. நீதிபதி சொல்லச்சொல்லத் தட்டச்சர் அடிப்பதால், மருத்துவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, அது தாளில் ஏறிய பிறகே அடுத்ததைச் சொன்னார்.

குறுக்கு விசாரணையே இந்த ஆய்வின் மையம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நன்றாகப் படித்து வந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கழுத்தில் நீங்கள் கண்ட இரத்தக்கட்டு, அறுத்ததால் ஏற்பட்ட போலித் தோற்றம் என்று சொல்கிறேன்."

"சரியல்ல. மூளையும் மார்பு உறுப்புகளும் எடுக்கப்பட்டபின் கழுத்து கடைசியாகப் பிரிக்கப்பட்டது, குறிப்பேட்டில் உள்ளது. அந்தப் போலித் தோற்றம் பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்பின் முன்பக்கத்தில் வரும். இங்கே காணப்பட்டது பக்கவாட்டுத் தசையில்."

"உடல் தலை தாழ்ந்த நிலையில் மிதக்கும்போது கழுத்திலும் தலையிலும் இரத்தம் தேங்கி, காயம் போன்ற தோற்றம் வரும் என்றால் சரிதானே?"

"சரிதான்."

"அழுகிய உடலில் அதையும் உண்மையான காயத்தையும் பிரித்தறிவது கடினம் என்றால்?"

"கடினம்தான். இங்கே ஒரு பக்கத்தில் மட்டும், அதே பக்கத்து மேற்கொம்பு முறிவோடு சேர்ந்து, கழுவியும் நீங்காத உறைவாக இருந்தது. அந்த மூன்றையும் சேர்த்துத்தான் காயம் என்று கொண்டேன். இரத்தக்கட்டு மட்டும் தனியாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

மருத்துவர் கடைசி இரண்டு கேள்விகளிலும் இருந்த உண்மையைத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். கேட்பவர் எதிர்த்தரப்பு என்பதால் மட்டும் பாடநூல் ஒப்புக்கொள்ளும் உண்மையை மறுக்கத் தோன்றும். மறுத்தால், அடுத்த கணமே அந்தப் பக்கம் திறந்து காட்டப்படும், அதன்பின் அவர் சொல்லும் எதற்கும் எடை இருக்காது. அரசுத் தரப்புச் சாட்சி என்று வரிசை எண் கொடுக்கப்பட்டாலும், நிபுணர் அரசுத் தரப்பின் வெற்றிக்காக அங்கு நிற்கவில்லை.

அடுத்து மேற்கொம்பு. சிலருக்கு அது பிறவியிலேயே குருத்தெலும்போடு இணையாமல் தனித்திருக்கும், அதை முறிவு என்று தவறாகக் கொள்வதுண்டு என்று வழக்கறிஞர் சொன்னார். உண்டு என்று மருத்துவர் ஏற்று, இணையாத கொம்பின் முனை மழுங்கியிருக்கும், சுற்றிலும் இரத்தம் இருக்காது, இங்கே முனை கூர்மையாகவும் சுற்றிலும் இரத்தம் ஊறியும் இருந்தது என்றார். கிணற்றின் கற்படியில் கழுத்து மோதியிருந்தால் இதே முறிவு வருமா என்ற கேள்விக்கு, வரக்கூடும் என்பதே பதில். கல்லில் மோதினால் மேல்தோலில் சிராய்ப்பை எதிர்பார்க்கலாம், ஆனால் இந்த உடலில் அப்பகுதித் தோல் உரிந்திருந்ததால் சிராய்ப்பு இருந்ததா இல்லையா என்று சொல்ல இயலாது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அரசு வழக்கறிஞரின் முகம் அந்த நேரத்தில் மலர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

மதுவைப் பற்றிய கேள்வி சுருக்கமாக முடிந்தது. உடல் அழுகும்போது நுண்ணுயிரிகளாலேயே எத்தில் ஆல்கஹால் உண்டாகும். ஆகவே இறந்தவர் குடித்திருந்தார் என்றோ குடிக்கவில்லை என்றோ அந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. இரு தரப்புக்கும் பயன்படாத பதில்.

அறிவியல் அலுவலரிடம் வழக்கறிஞர் பாட்டிலில் தொடங்கினார். "கழுவாத பாட்டிலில் வேறு நீரின் டயாட்டம் இருந்திருக்கலாம் என்றால்?" "இருந்திருக்கலாம்." "அப்படியானால் கிணற்று நீரில் டயாட்டம் நிறைய இருந்தது என்ற உங்கள் முடிவு ஐயத்துக்குரியது?" இங்கே அலுவலர் சற்று யோசித்துப் பிரித்துச் சொன்னார். பாட்டிலின் குறை நீர் மாதிரியில் டயாட்டத்தைச் சேர்க்கக்கூடும். மார்பெலும்பிலிருந்து எதையும் நீக்க முடியாது. மஜ்ஜையில் டயாட்டம் காணப்படவில்லை என்ற முடிவு அப்படியே நிற்கிறது. ஆனால் கிணற்றில் உண்மையில் டயாட்டம் குறைவாக இருந்திருந்தால், மஜ்ஜையில் அது இல்லாததன் பொருள் வலுவிழக்கும். அந்த அளவுக்கு ஐயம் நிற்கிறது என்பதை மறுக்கவில்லை என்றார். மாதிரி எடுக்கும் நேரத்தில் நன்றாகக் கழுவிய கலனும், வடிகட்டிய நீர் நிரப்பிய ஒப்பீட்டுக் கலனும் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் திரும்பிப் போய் எடுத்தாலும் பயனில்லை, நீர் மாறிவிட்டிருக்கும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் சென்று சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு சொல்வதும், அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்திருப்பதும் எவ்வளவு தேவையான மாற்றம் என்பதை இந்த ஒரு பாட்டிலே காட்டுகிறது.

பதினொரு நாள் தாமதத்தை வழக்கறிஞர் கடைசியாக வைத்திருந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேனி மாவட்டத்து வழக்கொன்றில், டி.என்.ஏ. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற பதிவேடு பேணப்பட வேண்டும் என்று அறிவுறுத்தியதை அவர் சுட்டினார். அது டி.என்.ஏ. மாதிரிக்கானது என்று அலுவலர் சட்டம் பேசத் தொடங்கவில்லை. அந்த வாதம் அரசு வழக்கறிஞருடையது. தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்: பெற்றபோது முத்திரைகள் சிதையாமல் இருந்தன, மாதிரி முத்திரையோடு ஒத்திருந்தன, சிலிக்கா ஓடு பதினொரு நாளில் அழியாது, அந்த நாட்களில் பொருள் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பது தமக்குத் தெரியாது.

அதன்பின் எஞ்சியது ஒரு கேள்வி. "மஜ்ஜையில் டயாட்டம் இல்லை என்பதால் இறந்தவர் நீரில் மூழ்கி இறக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றால்?" "சரிதான். மூழ்கி இறந்த பலரின் மஜ்ஜையிலும் டயாட்டம் கிடைப்பதில்லை." மருத்துவரிடமும் இதே கேள்வி வந்திருந்தது, அவரும் இதையே சொல்லியிருந்தார். இருவரும் கூடிப் பேசி வைத்த பதில் அன்று. இருவரும் தத்தம் சோதனையின் எல்லையை அறிந்திருந்தார்கள்.

மறுவிசாரணையில் அரசு வழக்கறிஞர் மருத்துவரிடம் ஒன்றையே கேட்டார்: குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டவை அனைத்தையும் கணக்கில் கொண்டபின் கருத்தை மாற்றிக்கொள்கிறாரா என்று. இல்லை, கழுத்தில் அழுத்தம் ஏற்பட்டதற்கான காயங்கள் உள்ளன, மூழ்கியதற்கான நேர்ச்சான்று எதுவும் இல்லை, ஆகவே "இறந்திருக்கலாம்" என்று சொன்ன கருத்து அதே அளவில் நிற்கிறது என்றார். அந்த அளவைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நெரித்தவர்கள் யார், அன்று மாலை வாய்க்கால் கரையில் யாரை யார் கண்டார்கள் என்பவை வேறு சாட்சிகளின் பொறுப்பு.

வாக்குமூலம் தட்டச்சாகி மருத்துவரிடம் வந்தது. சோர்ந்திருக்கும் அந்த நேரத்தில் பலர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் முதல் வரியிலிருந்து படித்தார். மூன்றாம் பக்கத்தில், "இறந்தவர் நீரில் மூழ்கி இறக்கவில்லை" என்று இருந்தது. தாம் சொன்னது "நீரில் மூழ்கி இறந்ததற்கான சான்று காணப்படவில்லை" என்பதே என்று நீதிபதியிடம் தெரிவித்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபிக்கவில்லை. வரி திருத்தப்பட்டு, ஓரத்தில் நீதிபதி சுருக்கொப்பமிட்டபின், மருத்துவர் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்டார்.